நிழலின் கணக்கு

சாளரத்திற்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘காலதர்’. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றுக்கென அமைத்த வழியில் வெயிலும் உடன் புகுந்துவிடுகிறது. வெயிலைத் தடுத்து, காற்றையும் ஒளியையும் மட்டும் ஏற்பது எங்ஙனம் என்பது கட்டடக் கலையின் பழைய வினா. இன்று அவ்வினாவிற்குக் கணிப்பொறியின் துணையும் கிட்டியுள்ளது.

பெரம்பலூரும் அரியலூரும் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் அமைந்தவை. ஆதலின் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நண்பகற் கதிரவன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறான். இடைப்பட்ட நான்கு திங்களும் நமக்கு வடக்கே உச்சி கடக்கிறான். எனவே, வடக்குச் சாளரத்தில் வெயில் படாது எனும் எண்ணம் இம்மாவட்டங்களுக்குப் பொருந்தாது. ஆயினும் உயர்ந்து நிற்கும் நண்பகற் கதிரவனை 2 அடிச் சன்ஷேடு பெரிதும் தடுத்துவிடும்.

இடர் மேற்கிலேதான். அஸர் தொழுகையின் நேரத்தை நிழலால் அறிவது நம் வழக்கம். உச்சியில் நிழலே விழாத அந்த ஏப்ரல் நாளில், பொருளின் நிழல் அதன் உயரத்திற்குச் சமமாகும்போது ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது. அப்போது கதிரவன் மேற்கே 45 பாகை உயரத்தில் நிற்பான். மேற்குச் சுவரின் 2 அடிச் சன்ஷேடு அவ்வேளையில் 2 அடி ஆழத்திற்கே நிழல் தரும். 4 அடிச் சாளரத்தின் கீழ்ப்பாதி வெயிலில் காயும். நிழல் இருமடங்காகும் ஹனபி அஸரின்போதோ சன்ஷேட்டின் நிழல் 1 அடியாகச் சுருங்கிவிடும்.

இக்கணக்கை ஆண்டின் 8760 மணிக்கும் செய்வதற்கெனக் கணிப்பொறி நிரல்கள் உள்ளன. அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் வெளியிட்ட ‘எனர்ஜி பிளஸ்’ அவற்றுள் ஒன்று. ஊரின் தட்பவெப்பம், சுவர், கண்ணாடி, திரைப்பட்டைகளின் அகலம், சாய்வு, நிறம் ஆகியவற்றை அளித்தால், உட்புகும் வெப்பத்தையும் குளிரூட்டத் தேவையான மின்சாரத்தையும் அது கணித்துரைக்கும். ஒரே திரையைச் சாளரத்தின் உள்ளேயும் வெளியேயும் வைத்துக் கணித்தால் வேறுபாடு புலனாகும். உள்ளிருக்கும் திரை, கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயிலையே தடுக்கிறது. தான் ஏற்ற சூட்டை அறைக்கே தருகிறது. வெளியிலுள்ள திரையோ வெயிலை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. நம் முன்னோர் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி தொங்கவிட்டதன் நுட்பம் இதுவே.

எனினும், கணிப்பொறி அறியாத ஒன்று உண்டு. அது மனிதனின் கை. வெயில் குறித்த அளவைத் தாண்டினால் திரை மூடப்படும் என்று நிரலில் விதி வகுக்கலாம். கரும்பலகை கூசுகிறதென்று ஒருநாள் மூடிய திரையை நாமோ பலநாள் திறப்பதில்லை. பட்டப்பகலில் விளக்கெரித்துப் பாடம் நடத்துகிறோம். அந்த மின்சாரம் விதியை நம்பிய கணக்கில் வாராது. ஆதலின், திரையை எப்போதும் திறந்தும் எப்போதும் மூடியும் இருமுறை கணித்துப் பார்த்தலே நேர்மை.

ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை நடுவணரசு 2007இல் வெளியிட்டது. நம் மாவட்டங்களில் புதிய கட்டடம் எழுப்புவோர், கண்ணாடி முகப்பிற்குச் செலவிடுமுன் மேற்குச் சுவரின் நிழலைக் கணித்தல் வேண்டும். கட்டிய பின் வாங்கும் குளிர்சாதனத்தினும் கட்டுமுன் போடும் நிழற்கணக்கு மலிவானது.