இலிஷா, இறாலா?

இரவைக்கு என்ன ஆணம் காய்ச்சுவது என்பதை ஓர் உதைபந்தாட்டப் போட்டி தீர்மானிக்கும் என்றால் நம்புவீர்களா? கொல்கத்தாவில் அப்படித்தான். ஈஸ்ட் பெங்கால் கழகம் வென்றால் அதன் ரசிகர் வீடுகளில் இலிஷ் மீன். மோகன் பகான் வென்றால் மறுபக்கத்து வீடுகளில் இறால். தோற்றவர் வீட்டுக் குசினி அன்று சத்தமில்லாமல் கிடக்கும்.

1889இல் தோன்றிய மோகன் பகான், ‘கோட்டி’ எனப்படும் மேற்கு வங்கத்தாரின் செல்லக் கழகம். 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்து ‘பாங்கால்’ மக்களுடையது. 1947இல் நாடு பிரிந்தபோது வீடு வாசலை விட்டு வந்த அகதிகளுக்கு, சொந்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்தக் கழகம் எப்படியிருந்திருக்கும்! இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

முஸ்லிம்களின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கையும் மறந்துவிடாதீர்கள். 1934 முதல் 1938 வரை கல்கத்தா லீக் கிண்ணத்தைத் தொடர்ந்து 5 முறை வென்றது அது.

காலம் ஒரே பக்கம் நிற்பதில்லை. 1970 முதல் 1975 வரை லீக் ஈஸ்ட் பெங்காலுக்கே. 1975 கேடய இறுதிப் போட்டியில் மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது. அண்மைய ஆண்டுகளிலோ மோகன் பகானின் கையே ஓங்கியிருக்கிறது. இடையில் பாங்கால் பெண் கோட்டி வீட்டு மருமகளாகிறாள். பிறந்த வீட்டில் உறைப்பு, புகுந்த வீட்டில் கறிக்கும் சீனி. போட்டி நாளில் அவள் யார் பக்கம் நிற்பாள்? பாவம்தான்.

எல்லாம் சிரிப்பல்ல. 1980 ஓகஸ்ட் 16இல் ஈடன் கார்டன் மைதானத்தில் இரு தரப்பு ரசிகர்களும் மோதியதில் 16 பேர் மாண்டனர். காலையில் கிண்டல் பேசிப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

2024 ஓகஸ்டில் அதே நகரில் ஓர் அரச வைத்தியசாலையில், கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஊரே கொதித்தது. 18ஆம் திகதி நடக்கவிருந்த இரு கழகங்களின் போட்டியைப் பாதுகாப்புக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ஆயினும் ரசிகர்கள் மைதான வாசலுக்கு வந்தார்கள், நீதி கேட்டு. பச்சை-மெரூனும் சிவப்பு-மஞ்சளும் ஒரே வரிசையில். முஹம்மதன் ரசிகர்களும் கூட. பொலிஸார் தடியடி நடத்தினார்கள். ஒரு கழகத்து ரசிகரை மறு கழகத்து ரசிகர் தோளில் ஏற்றி நின்ற படத்தைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஒக்டோபர் 19இல் மீண்டும் எதிரெதிர்ப் பக்கம், பழைய கூச்சல். மோகன் பகான் 2-0. அது இறாலுக்குரிய இரவு.