‘இயற்கை அதிகரிப்பு’ எனப்பட்ட பிள்ளைகள்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர், இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 இலட்சம் பேர் என்ற கணக்கையே பெரிதும் எடுத்துரைப்பர். அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவ்வாவணத்தில் ஓரிடம் இருந்தது. அத்தொகைகளுடன் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டிய ‘இயற்கை அதிகரிப்பு’ என்பதே அந்த இடம்.

ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, ஹப்புத்தளைத் தோட்டங்களின் லயன்களில் பிறந்த பிள்ளைக்கு இந்தியா பாட்டன் சொன்ன கதை மட்டுமே. எனினும், தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியபோது தமிழக அரசு அப்பிள்ளையையும் ‘தாயகம் திரும்பியோர்’ பட்டியலிலேயே சேர்த்தது. தாயகத்தை விட்டுப் புறப்பட்ட பிள்ளைக்கு அப்பெயர் எவ்வகையில் பொருந்தும் என்று எவரும் கேட்கவில்லை.

மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டோர் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளின் அரச தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அதே குளிர், அதே கொழுந்து. மொழியும் தமிழே என்பதால் பள்ளியில் சிக்கல் இராது எனப் பலரும் கருதியிருக்கலாம். ஆனால், இங்கு ஜனவரியில் தொடங்கும் கல்வியாண்டு அங்கு ஜூனில் தொடங்குகிறது. இடையில் சென்ற பிள்ளைக்குப் பல மாதங்கள் வீணாயின. ஓராசிரியரை நம்பி ஐந்தாம் வகுப்புடன் முடிந்துவிடும் தோட்டப் பாடசாலையிலிருந்து சென்றவர்களின் நிலை இன்னும் கடினம். ‘பேனை’ என்றால் வகுப்பில் சிரிப்பு எழும். அங்கே அது ‘பேனா’ அல்லவா?

இவற்றையெல்லாம் பிள்ளைகள் விரைவில் கடந்துவிடுவார்கள். கடக்கக் கடினமாயிருந்தது சாதிச் சான்றிதழ். கல்விச் சலுகைகளுக்கு அது இன்றியமையாதது. லயனில் பிறந்த பிள்ளைக்கோ பாட்டனின் ஊர் அலுவலகத்தில் எந்தப் பதிவும் இல்லை. இதனால் பெற்றோர் பட்ட அலைச்சல் சிறிதல்ல. கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் இறப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கன்னடத்தையும் எதிர்கொள்ள நேர்ந்தது.

அங்கு ‘சிலோன்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்களின் உறவினர், இங்கு குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ ஆகவே இருந்தனர். 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன் இங்கேயே தங்கிவிட்டோரும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜைகளாயினர். அதற்குள், ‘இயற்கை அதிகரிப்பு’ என எண்ணப்பட்ட பிள்ளைகள் பலர் தம் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்துவிட்டிருந்தனர்.