உப்புக் கரையில் பிகோனியா

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டை ஒட்டிய கடலோர ஊர் மறிச்சுக்கட்டி. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன கரை. பிகோனியாவோ குளிர்ந்த நுவரெலியாப் பக்கம் செழிக்கும் செடி. அதை இங்கே கொண்டுவந்து, அது வாடிப்போனால் பழியை வெயில்மேல் போட்டுவிடுகிறோம். வெயில் பாதிக் காரணம்தான். மீதி நாம் ஊற்றும் தண்ணீர்.

உலகில் 2000-க்கும் மேற்பட்ட பிகோனியா இனங்கள் உண்டு. இலங்கைக்கே உரிய இனம் ஒன்றுக்கு, 1849 முதல் பேராதனைப் பூங்காவை நடத்திய துவைட்ஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். பல இனங்கள் ஈரக்காட்டு நிழலில், பாறை இடுக்கில், கையளவு மண்ணில் வளர்பவை. மழை பெய்யும்; நீர் நில்லாமல் ஓடிவிடும். அதற்குப் பழகிய மெல்லிய வேர் சேற்றில் அழுகிவிடும், உப்பில் கருகிவிடும்.

கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். சட்டி விளிம்பில் வெள்ளை பூத்து, இலை ஓரம் பழுப்பேறினால் உப்புச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதையே செடிக்கு ஊற்றுங்கள். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே மணலோடும் மக்கிய இலையோடும் கலக்க வேண்டும். மேல்மண்ணில் விரல்நுனி அளவு காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சோளகக் காற்று நேரே அடிக்காத, வெளிச்சம் மட்டும் விழும் வடக்குச் சன்னல் நல்ல இடம். இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். இலைப்புள்ளி நோய் வரும்.

பூவைக் கிட்டப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ஒரே செடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் பின்னால் பெரும்பாலும் மூன்று சிறகு வைத்த சூலகம் துருத்திக்கொண்டிருக்கும். அதைவிட அதிசயம் இலை. ரெக்ஸ் வகை இலையின் அடிப்புற நரம்பைக் கீறி, ஈரமணலில் படியவைத்தால், சில வாரங்களில் கீறிய இடத்தில் குட்டிச்செடி முளைக்கும்.

ஆனாலும் முதல் செடியாக அசாம் வழிவந்த ரெக்ஸை வாங்காதீர்கள். நம் கோடையை அது தாங்காது. மூங்கில் மாதிரிக் கணுவிட்டு நிமிரும் வகையோ, மெழுகு பிகோனியாவோ போதும். அதையும் ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வாங்குங்கள்.