நடுவில் ஒரு வழி

ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் பாதிக்கும் மேற்பட்ட தூரத்துக்கு வேக வரம்பே கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது வெறும் பரிந்துரைதான். ஆனால், வண்டிகள் ஊர்ந்து போகும்போது ஒரு கண்டிப்பான விதி அமலுக்கு வந்துவிடும்.

வேகம் நடைவேகத்துக்குக் குறைந்தாலே, இடது கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். மற்ற எல்லோரும் வலப்பக்கம். நடுவே திறக்கும் வழியில் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் புகுந்து போகும். சைரன் சத்தம் கேட்கட்டும், அப்புறம் ஒதுங்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

2017 ஜூலை 3. பவேரியாவில் மியூன்ஷ்பெர்க் அருகே ஏ9 சாலையில், நெரிசலின் கடைசியில் இருந்த லாரியின் பின்னால் சுற்றுலாப் பேருந்து ஒன்று மோதித் தீப்பிடித்தது. 18 பேர் இறந்தார்கள். விரைந்து வந்த மீட்பு வண்டிகளுக்குச் சிலர் சரியாக வழிவிடவில்லை. வேடிக்கை பார்க்க வேகத்தைக் குறைத்தவர்களும் உண்டு. நாடே கொதித்தது.

அதுவரை இப்படி வழிவிடாதவர்களுக்கு அபராதம் 20 யூரோ. ஒரு பிட்சாவும் காபியும் வாங்கும் காசு! அதே ஆண்டு அக்டோபரில் அது குறைந்தது 200 யூரோவாக உயர்ந்தது. இப்போது அதோடு ஒரு மாதம் வண்டி ஓட்டவும் தடை. காலியாகக் கிடக்கும் அந்த நடுவழியில் நைசாகப் புகுந்து முந்தப் பார்க்கும் கெட்டிக்காரர்களுக்கு அபராதம் 240 யூரோவில் தொடங்குகிறது.