மேசை மலைச் சரிவில் ஒரு புகலிடம்

நம் நாட்டுத் தாவரவியல் பூங்காக்கள் சில, பிற நாட்டுப் பயிர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. ஹக்கலைப் பூங்கா 1861இல் தென்னமெரிக்காவின் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக உருவானது. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் 1876இல் இறப்பர் நாற்றுகள் நடப்பட்டன. இலாபம் தரும் பயிரைப் பரிசோதிக்கும் இடமாகவே ஆங்கிலேயர் பூங்காக்களைப் பெரும்பாலும் பயன்படுத்தினர். தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில், மேசை மலையின் கிழக்குச் சரிவில் 1913இல் அமைந்த கேர்ஸ்டன்பொஷ் பூங்கா இவ்வழக்கத்திலிருந்து விலகியது. அந்நாட்டுக்கே உரிய செடிகளை வளர்த்துப் பாதுகாப்பதே அதன் நோக்கம்.

அதன் முதற் பணிப்பாளர் பேராசிரியர் ஹரோல்ட் பியர்சன். இவர் இளமையில் இலங்கைக்கு வந்து, நமது மலைநாட்டின் பத்தனைப் புல்வெளிகளை ஆராய்ந்து எழுதியவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பூங்காவுக்குக் கிடைத்த நிலமோ களை மண்டி, பன்றிகள் திரிந்த பழைய பண்ணை. சம்பளமின்றியே உழைத்த பியர்சன் 1916இல், தமது 46ஆவது வயதில் காலமானார். அந்தப் பூங்காவிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

சொந்த மண்ணின் செடிதானே, தானாக வளரும் என்று எண்ணிவிட முடியாது. கேப் பகுதியில் சுமார் 9000 வகைத் தாவரங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அங்குள்ள ‘ஃபைன்பொஸ்’ என்னும் புதர்க்காட்டுச் செடிகள் பலவற்றின் விதைகள், காட்டுத்தீ பரவிய பின்னரே முளைக்கும். தீயின் வெப்பம் மட்டுமன்றி அதன் புகையும் விதைகளை முளைக்கத் தூண்டுகிறது என்பது 1990ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. அதன்பின் கேர்ஸ்டன்பொஷ் தோட்டக்காரர்கள் ஈரமான செடிகொடிகளை எரித்து, விதைத் தட்டுகளை மூடிய கூடாரத்தினுள் அந்தப் புகையைச் செலுத்தினர். புகை கலந்த நீரில் தோய்த்து உலர்த்திய காகிதத்தை ஊறவைத்து, அந்த நீரில் விதைகளை நனைப்பது இன்னும் இலகுவான முறை.

கேப் சமவெளியில் இளஞ்சிவப்புக் குழல் போன்ற பூக்களுடன் எரிக்கா வேர்டிசிலாட்டா என்ற செடி வளர்ந்தது. நகரம் விரிய விரிய அதன் நிலம் வீடுகளாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்னர் 1980களில் பிரிட்டோரியாவின் ஒரு பூங்காவில் ஒரு செடி நிற்பது தெரியவந்தது. கேர்ஸ்டன்பொஷ்ஷின் புதருக்குள்ளும், இலண்டன் கியூ பூங்காவிலும், வியன்னாவிலும் மேலும் சில கிடைத்தன. அவற்றின் கிளைகளை வெட்டி வேர்விடச் செய்து பெருக்கினார்கள். 1990களில் அது மீண்டும் கேப் சமவெளியின் சரணாலயங்களில் நடப்பட்டது.

எல்லாச் செடிகளுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. சைக்கஸ் வகையைச் சேர்ந்த, பனையைப் போலத் தோன்றும் என்செபலார்டொஸ் வூடியை 1895இல் ஜோன் மெட்லி வூட் கண்டபோது, காட்டில் ஒரேயொரு கூட்டமே நின்றது. அதுவும் ஆண் மரம். பெண் மரம் இன்றுவரை அகப்படவில்லை. ஆகவே அதன் விதை எங்குமே இல்லை. பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டே அதனைப் பல நாடுகளில் காப்பாற்றி வருகிறார்கள். கேர்ஸ்டன்பொஷ்ஷில் உள்ள மரம், கன்றுகளைத் திருடுவோருக்கு அஞ்சி, இரும்புக் கூட்டுக்குள் நிற்கிறது.