ஒரே மூச்சில் முப்பதா, மூன்று பத்தா?

1950ஆம் ஆண்டு வாக்கில் லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்த நடத்துநர்கள் உடற்பயிற்சி என்று எதையும் தனியாகச் செய்யவில்லை. டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கு ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். ஒரு பணிநாளில் 500 முதல் 750 படிகள் வரை ஆனது. அதே பேருந்தின் ஓட்டுநரோ பணி நேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராய்ந்து, 1953இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவு. வந்தவர்களுக்கும் தாமதமாகவே, கடுமை குறைந்தே வந்தது.

மோரிஸ் அத்துடன் விடவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சீருடை அளவுப் பதிவேடுகளைப் புரட்டினார். இளம் வயது ஓட்டுநர்களுக்கே நடத்துநர்களைவிட இடுப்பளவு அதிகமாக இருந்தது. ஆக, வித்தியாசம் முழுவதையும் படிகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. இந்த எச்சரிக்கை, பின்னால் வரும் சில ஆய்வுகளுக்கும் பொருந்தும்.

நாளெல்லாம் சிறுகச் சிறுக ஏறி இறங்கியவர்களின் இதயத்துக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்பது அப்போதே கண்முன் இருந்தது. ஆனாலும் "தொடர்ச்சியாக அரை மணி நேரம் நடந்தால்தான் பலன்" என்ற பேச்சு இன்றும் பூங்காக்களில் ஓயவில்லை.

எல்லைக்கோடு நகர்ந்த கதை

அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 1990ஆம் ஆண்டுப் பரிந்துரை, 20 முதல் 60 நிமிடம் இடைவிடாத பயிற்சி என்றே சொன்னது. ஐந்தே ஆண்டுகளில் அது தளர்ந்தது. 1995இல் அதே அமைப்பும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் சேர்ந்து, ஒரு நாளுக்கான 30 நிமிடத்தைப் பகுதி பகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றன. பிறகு வந்த வழிகாட்டல்கள் ஒரு பகுதி 10 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்றன. உலக சுகாதார நிறுவனம் 2010இல் அதையே ஏற்றது. அந்த நிபந்தனையை அமெரிக்கா 2018இலும் உலக சுகாதார நிறுவனம் 2020இலும் கைவிட்டன. இப்போதைய இலக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி. எத்தனை தவணையில் என்பது அவரவர் வசதி.

மிதமான பயிற்சி என்பதற்கு எளிய சோதனை உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பெரும்பாலான பெரியவர்களுக்கு அது நிமிடத்துக்கு சுமார் 100 காலடி வேகம்.

ஸ்டாமினா வேண்டுமென்றால்

நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆரம்ப ஆய்வுகளில் ஒன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டிபஸ்க் குழுவினர் 1990இல் வெளியிட்டனர். நடுத்தர வயது ஆண்களில் ஒரு பிரிவினர் பயிற்சி நாட்களில் 30 நிமிடம் சேர்ந்தாற்போல ஓடினர். மற்றவர்கள் மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்து ஓடினர். எட்டு வாரங்களில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் பிரிவில் சுமார் 14 சதவீதமும் இரண்டாம் பிரிவில் சுமார் 8 சதவீதமும் கூடியது.

பிரித்துச் செய்தவர்களும் முன்னேறினார்கள், ஆனால் குறைவாக. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பயிற்சி தொடங்கியதும் இதயத் துடிப்பும் ஆக்சிஜன் பயன்பாடும் உரிய நிலைக்கு ஏறச் சில நிமிடங்கள் பிடிக்கும். பத்து நிமிடத் தவணையில் அந்தச் சில நிமிடங்கள் பெரிய பங்கு. அதை நாளுக்கு மூன்று முறை கொடுக்க வேண்டும். மாரத்தான் ஓடவோ மலையேறவோ ஆசைப்படுபவர் நீண்ட பயிற்சியைத் தவிர்க்க முடியாது. ஆனால் பூங்காவுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆசை இல்லை. அவர்கள் வருவது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தொப்பைக்கும்தான்.

சாப்பிட்ட பின் பத்து நிமிடம்

சர்க்கரை விஷயத்தில் பிரித்து நடப்பது சமமாக நிற்பதோடு முடியவில்லை, முந்தியும் செல்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சில நாட்கள் அவர்களுக்குச் சொல்லப்பட்டது: தினம் 30 நிமிடம், எப்போது வேண்டுமானாலும் நடங்கள். வேறு சில நாட்கள்: மூன்று வேளையும் சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். 2016இல் வெளியான முடிவின்படி, இரண்டாவது முறையில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் குறைவு 22 சதவீதம். அவர்கள் மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டதும், அதன்பின் அசையாமல் உட்கார்ந்ததும் அந்த வேளையில்தான்.

இரவு தோசையோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிட்டு டி.வி. முன் சாயும் தமிழ் வீடுகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இயங்கும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் சர்க்கரை உச்சத்தைத் தொடுகிறது. காலை ஐந்தரை மணிக்கு நடந்து முடித்தவரின் தசைகள், இரவு ஒன்பது மணித் தோசையின்போது ஓய்வில் இருக்கின்றன.

அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போனது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, 60 வயதைக் கடந்த பத்துப் பேர் கலந்துகொண்டார்கள். தலா 15 நிமிடம் மூன்று வேளை உணவுக்குப் பின் நடந்தபோது, இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை மற்ற நாட்களைவிட நன்றாகக் கட்டுப்பட்டது. 45 நிமிட ஒரே நடை, காலையானாலும் மாலையானாலும், அந்த வேளையில் அவ்வளவு உதவவில்லை. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

ரத்த அழுத்தம்

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ரத்தக்குழாய்கள் சில மணி நேரம் தளர்ந்திருக்கும், அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும். காலை, மதியம், மாலை என மூன்று பத்து நிமிட வேக நடை இந்த இறக்கத்தை நாள் முழுக்கப் பரப்புகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 24 மணி நேரக் கருவி மாட்டிப் பார்த்தபோது, முப்பது நிமிடம் சேர்ந்தாற்போல நடந்த நாளைவிடப் பிரித்து நடந்த நாளில் அழுத்தம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

எடையும் விடாமல் செய்வதும்

"இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் கொழுப்பு கரைய ஆரம்பிக்கும்" என்பது உடற்பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி காதில் விழும் வாசகம். உடல் முதல் நிமிடத்திலிருந்தே, ஏன், தூங்கும்போதுகூடக் கொழுப்பை எரிக்கிறது. நேரம் போகப் போக அதன் பங்கு கூடும், அவ்வளவுதான். எடையைத் தீர்மானிப்பது மொத்தச் செலவும் தட்டில் விழும் சோறும். 2019இல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி மர்பி குழுவினர், மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 19 ஆய்வுகளைத் தொகுத்தனர். பெரும்பாலான அளவுகோல்களில் இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. எடையிலும் கெட்ட கொழுப்பிலும் பிரித்துச் செய்தவர்கள் மிகச் சிறிதளவு முன்னே நின்றனர்.

உண்மையான போட்டி வேறு இடத்தில் நடக்கிறது: யார் விடாமல் செய்கிறார்கள்? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜான் ஜாகிசிச் உடல் பருமனுள்ள பெண்களிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட 20 வார ஆய்வில், பிரித்துச் செய்தவர்களே அதிக நாட்கள் பயிற்சி செய்தார்கள். அதே ஆய்வாளர் ஒன்றரை ஆண்டு நீண்ட ஆய்வை 1999இல் வெளியிட்டபோது, வெறுமனே பிரிப்பது போதவில்லை. வீட்டிலேயே டிரெட்மில் வைத்திருந்தவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் நிலைக்கும்போலும்.

தமிழ்நாட்டையும் உள்ளடக்கி 2014இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி, பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேல், 54 சதவீதம் பேர், போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். பத்தில் ஒருவர்கூடப் பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்யவில்லை. நடைபாதை இல்லாத தெரு, ஏப்ரல் வெயில், அதிகாலையிலேயே பற்றவைக்க வேண்டிய அடுப்பு என்று காரணங்கள் ஏராளம். இவர்களிடம் "தினமும் முக்கால் மணி நேரம்" என்பது சொல்லாமலிருப்பதற்குச் சமம். பத்து நிமிடம், மொட்டை மாடியில், சாப்பிட்ட பின் என்பதற்கு வாய்ப்பு அதிகம்.

துணுக்குகளாகிவிட்டால்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிக்கலாம் என்றதும், "சமையலறைக்கும் ஹாலுக்கும் நடப்பதே கணக்கில் சேரும்" என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். நாளுக்கு 8,000 காலடிக்கு மேல் நடக்காத பிரிட்டன்வாசிகள் 33,560 பேரைப் பற்றிய ஆய்வு 2025இல் வெளியானது. ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த துண்டுகளாகவே நடந்தவர்களைவிட, ஒரு தடவைக்கு 15 நிமிடமாவது நடந்தவர்களிடம் இதய நோயும் மரணமும் மிகக் குறைவு. மோரிஸின் இடுப்பளவுப் பாடம் இங்கே பொருந்துகிறது: ஏற்கனவே ஆரோக்கியமாக இருப்பவரால்தான் நிற்காமல் நடக்கவும் முடியும். அதைக் கழித்துப் பார்த்தாலும், ஊர்ந்து நடக்கும் ஒரு நிமிடத் துணுக்குகளை நம்பியிருப்பது புத்திசாலித்தனமல்ல.

துணுக்கு வேலை செய்ய வேண்டுமானால் அது மூச்சு வாங்க வைக்க வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞர்கள் 60 படிகளை விறுவிறுவென ஏறினார்கள். நாளுக்கு மூன்று முறை, வாரத்துக்கு மூன்று நாள். ஆறு வாரத்தில் அவர்களின் உடல்திறன் சிறிதளவு, ஆனால் அளவிடக்கூடிய அளவில் உயர்ந்தது.

கவனிக்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் நடையைக் கூட்டும்போது சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவு பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. சட்டைப் பையில் இரண்டு இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் வெறுங்காலில் மாடியில் நடக்கக் கூடாது. மூட்டு வலி உள்ளவர்களுக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலை அதிகம் வருத்தும். லிஃப்ட் இருந்தால் ஏறிவிட்டு அதில் இறங்கலாம்.

இதய நோயாளிகள் வயிறு நிறையச் சாப்பிட்டதும் வேகமாக நடப்பதையும் படி ஏறுவதையும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு மெதுவான நடையே போதும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ உடனே நின்றுவிட வேண்டும். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.