கரிசல் பருத்தியும் ரூபாயின் விலையும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் பெரிய ஆறு கிடையாது. கால்வாய்ப் பாசனமும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கரிய மண் தன்னுள் தேக்கிவைத்துக் கொள்கிறது. அந்த ஈரத்தைக் கொண்டே பருத்தியும் கம்பும் சோளமும் விளைகின்றன. ஆகவே, மானாவாரி உழவனுக்கு வானமே எசமான் என்று சொல்லுவார்கள். ஆயினும், 1930-ஆம் ஆண்டையொட்டி அவனுக்கு வேறோர் எசமானும் இருப்பது வெளிப்பட்டது. லண்டன் மாநகரில் தீர்மானிக்கப்பட்ட ரூபாயின் விலையே அந்த எசமான். அதனால் நேர்ந்தது என்ன என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

இப்பகுதியின் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக வெளிநாடு சென்றது. திருநெல்வேலிப் பருத்திக்கு லிவர்ப்பூல் வணிகர்கள் 'டின்னீஸ்' என்றே பெயரிட்டிருந்தனர். எனவே, கோவில்பட்டித் தரகர் சொல்லும் விலை உலகச் சந்தையின் விலையைத் தழுவியதாகவே இருந்தது. பவுனில் கிடைத்த விலை ரூபாயாக மாறியே உழவனின் கைக்கு வந்தது.

இங்கே மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். முதல் உலகப் போருக்கு முன்பு ஒரு ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ். ஆகவே ஒரு பவுனுக்கு 15 ரூபாய் கிடைத்தது. 1926-இல் ஹில்டன் யங் கமிஷன் ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று பரிந்துரைத்தது. 1927-இல் அது சட்டமாயிற்று. 240-ஐ 18-ஆல் வகுத்தால் ஒரு பவுனுக்குக் கிடைப்பது 13 ரூபாய் 5 அணா 4 பையே. பருத்தி அதே பருத்தி. வெளிநாட்டு விலையும் அதே விலை. ஆயினும் உழவனின் வருமானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிடும். கமிஷனில் உறுப்பினராயிருந்த சர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் இதனை மறுத்து, 16 பென்ஸே போதும் என்று தனிக் குறிப்பு எழுதினார். அவர் கருத்து ஏற்கப்படவில்லை. இந்திய அரசாங்கம் ஆண்டுதோறும் இங்கிலாந்தில் பவுனில் செலுத்த வேண்டிய தொகைகள் பல இருந்தன. ரூபாயின் விலை உயர்ந்தால் அச்செலவு குறையும் அன்றோ?

1929-இல் உலகப் பெருமந்தம் தொடங்கிற்று. இரண்டே ஆண்டுகளில் நம் நாட்டு விளைபொருள்களின் விலை ஏறக்குறையப் பாதியாய் விழுந்தது. விழுந்ததற்கு முதற்காரணம் உலகமே. அதைத் தாங்க முடியாமற் செய்தது மாறாத செலாவணி விகிதம். ஓர் உழவர், பொதி 25 ரூபாய் விற்றபோது 100 ரூபாய்க்கு நோட்டு எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அக்கடன் நான்கு பொதிப் பருத்திக்குச் சமம். விலை பாதியானபின் எட்டுப் பொதி விற்றால்தான் அசல் தீரும். வட்டி தனி. நிலத்தீர்வையும் பணமாகவே கட்ட வேண்டும். அதுவும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை.

1931 செப்டம்பர் 21-இல் பிரிட்டன் தங்கத்தோடு பவுனுக்கிருந்த பிணைப்பை நீக்கியது. ரூபாயை அப்போது தன்போக்கில் விட்டிருக்கலாம். ஆனால் அது அதே 18 பென்ஸ் விகிதத்தில் பவுனோடு கட்டப்பட்டது. இவ்வாறு மாறாமற் கட்டப்பட்ட இரண்டு நாணயங்கள், பெயரால் வேறாயினும், செயலால் ஒன்றேயாகும். பவுனோடு ரூபாயும் இறங்கவே, தங்கத்தின் விலை ஏறியது. கடனுக்கும் தீர்வைக்கும் பணமின்றித் தவித்த குடும்பங்கள் நகைகளை விற்றன. நாடெங்கும் இவ்வாறு விற்கப்பட்ட தங்கம் கப்பலேறியது. அதனைத் 'துயரத் தங்கம்' என்றே அந்நாளில் அழைத்தனர்.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்குப் பொறுப்பாட்சி தந்தது. நாணயத்தையோ தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கைக்கு எட்டாமல் வைத்தது. 1937-இல் சென்னையில் இராஜாஜியின் தலைமையில் மந்திரிசபை அமைந்தது. ரூபாயின் விகிதத்தை மாற்ற அதனால் இயலாது. கடனைக் குறைக்க இயலும். 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் தேதியன்று நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. நிலமில்லாத கூலியாட்களுக்கு இதனால் பயனில்லை என்பதையும் மறக்கலாகாது. எனினும், வாக்குப் பெற்ற மக்கள் சுமையின் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தோர் மீதும் ஏற்றினார்கள் என்பது உண்மை.

இத்தகைய இக்கட்டு நம் நாட்டோடு முடிந்துவிடவில்லை. 2001-இல் கிரீஸ் தன் டிராக்மாவைக் கைவிட்டு ஐரோப்பாவின் பொது நாணயமாகிய யூரோவை ஏற்றது. 2009-இன் இறுதியில் அதன் கடன் நெருக்கடி வெளிப்பட்டபோது, விலை குறைக்கத் தனி நாணயம் அதனிடம் இல்லை. கூலியும் ஓய்வூதியமும் குறைந்தன. 2013-இல் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலையில்லை. 2015 ஜூலை 5-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் 61 சதவிகிதத்தினர் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை மறுத்தனர். ஆயினும் சில நாட்களில் அரசாங்கம் கடும் நிபந்தனைகளை ஏற்க நேர்ந்தது. அந்நாட்டவர்க்கு வாக்கு இருந்தது. ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான பெரிய கருவூலம் இல்லை.

இன்றைய இந்தியாவும் ஒரே நாணயத்தைக் கொண்ட மாநிலங்களின் ஒன்றியமே. கரிசலில் மழை பொய்த்தால் தமிழ்நாடு தனக்கென ரூபாயின் விலையை மாற்ற முடியாது. அதற்கு ஈடாகவே வரிப்பணத்தைப் பகிர்ந்தளிக்கும் நிதிக் கமிஷனை நம் அரசியல் சட்டம் ஏற்படுத்தியது. முதற் கமிஷன் 1951-இல் அமைந்தது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற வழக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது. அதனை வெறும் அரசியல் சண்டை என்று மாணவர்கள் ஒதுக்கிவிடலாகாது. நாணயத்தைப் பொதுவாக்கியோர், கெட்ட காலத்தின் சுமையையும் பொதுவாக்க வேண்டும். அதனைப் பங்கிடும் இடத்தில் கரிசல் உழவனின் குரலும் கேட்க வேண்டும். அவன் தன் வீட்டுத் தங்கத்தை விற்று நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.